தம்பிக்கு, ஜீபியில பதிஞ்சிட்டியோ?

தம்பி,

வட்ஸப்பில ரெண்டு நீலக்கோடும் விழுது, பதில்தான் வரேல்லை. சரி, வேலை கூட எண்டு நினைக்கிறன். வேலையால வந்து காலை நீட்டிக்கொண்டு இருந்து இதை அடிக்கிறன், எழுத்துப்பிழை கிடந்தா பொறுத்துக்கொள். லீட்ஸில சரியான குளிராம், அந்தத் தடிச்ச ஜக்கெட்டைப் போடு. அங்க ஒரு ஜீபியில, அதுதான் குடும்ப டொக்டரிட்ட, பதிஞ்சிட்டியோ?

இண்டைக்குக் காலமை 8 மணிக்கு எங்கட டொக்டர்மாரின்ர சேர்ஜரி றிசெப்சனில போன் லைன் திறந்த உடன 30 பேருக்கு மேல கியூ. முதல் வந்தது ஒரு கிழவர், நெஞ்சுக்கை கொஞ்சம் இறுக்குதாம், வாற கிழமை டொக்டரைப் பாத்தாக் காணுமாம். உடன அம்புலன்ஸுக்கு, 999க்கு அடியுங்கோ எண்டு சொன்னதுக்கு மனிசன் என்னைப் பேசுது. அடுத்தது ஒரு பொம்பிளை, மூத்திரக்கடுப்பு, பாமசிக்குப் போகச் சொன்னன். 2024 தை மாதக் கடைசியில இருந்து ஏழு வருத்தத்துக்கு டொக்டரின்ர சீட்டு இல்லாமலே பாமசிக்காரர் பாத்து மருந்து குடுக்கலாம், உனக்கும் தொண்டைநோ வந்தா அங்க போ. அவவும் பேசினா, நீ என்ன டொக்டரோ எண்டு. இந்தக் கேள்வி ஒரு நாளைக்குப் பத்துத்தரம் வரும். டொக்டர் இல்லைத்தான். ஆனா ஆருக்கு டொக்டர் வேணும், ஆருக்கு நேர்ஸ் காணும், ஆரை நேர பிசியோவிட்ட விடலாம், ஆர் வாடகைக் கடனால நித்திரை இல்லாமல் வயித்துக்குத்து எண்டு எடுக்கினம், அந்த ஆளை மருந்தில்லாத மற்ற உதவியளுக்கு வழி காட்டுற சோசல் பிறிஸ்கிறைபிங் பிள்ளையிட்டக் குடுக்கோணும், எல்லாத்தையும் ரெண்டு நிமிசத்துக்குள்ள பிடிக்கோணும். சந்தேகம் எண்டா டியூட்டி டொக்டரிட்டக் கேக்கிறது.

இப்ப என்ர பட்ஜில கெயார் நவிகேற்றர் எண்டு கிடக்கு, ஆரை ஆரிட்ட அனுப்பிறது எண்டு வழி காட்டுறவவாம். கதிரை பழைய கதிரைதான். 2016இல என்எச்எஸ், அதுதான் இங்கத்தைய அரசாங்க வைத்திய சேவை, றிசெப்சன் ஆக்களைப் பழக்கவெண்டு அஞ்சு வருசத்துக்கு 45 மில்லியன் பவுண்ஸ் ஒதுக்கினது, அதில எனக்குக் கிடைச்சது ஒரு நாள் றெயினிங்கும் ஒரு காய்ஞ்ச சாண்ட்விச்சும். சின்னவள் சிரிக்கிறாள். நீ முதல் சம்பளத்தில வாங்கித் தந்த கைப்பையோடதான் போறன், எல்லாரும் கேப்பினம், மகன் லீட்ஸில எண்டு சொல்லுவன். ஆனா மகன் போன் எடுக்கிறேல்லை எண்டு சொல்லமாட்டன்.

ஒண்டு சொல்லோணும். சத்தம் போடுறவைக்கு நான் பயமில்லை. உன்ர வயசுப் பெடியள் எடுத்து, "பெரிசா ஒண்டுமில்லை, சும்மா களைப்பு" எண்டுவினம் பார், அதுக்குத்தான் பயம். அவையளிட்ட மெதுவாக் கேப்பன், எப்ப இருந்து நித்திரை இல்லை எண்டு. லைனில சத்தம் வராது. நானும் பேசாமல் இருப்பன், பின்னால 20 பேர் நிண்டாலும். பிறகு கதைப்பினம்.

போன மாதம் நீயும் "ஒண்டுமில்லையம்மா, களைப்பு" எண்டனி. நான் என்ன சமைச்சனி எண்டு கேட்டன்.

உன்ர பேர் இன்னும் எங்கட சேர்ஜரி லிஸ்டிலதான் கிடக்கோ, அங்க பதிஞ்சு பைல் மாறிட்டுதோ எண்டு கொம்பியூட்டரில பாக்கலாம். வேலைக்குத் தேவையில்லாமல் சொந்தப் பிள்ளையின்ரயும் திறக்கக்கூடாது, ஆர் திறந்தது எண்டு பதிவில நிக்கும், வேலை போகும். வியாழக்கிழமை உன்ர பிறந்த திகதியை அடிச்சுப்போட்டு அழிச்சன்.

அதோட மற்றது. உன்ர ஏலெவல் வருசம், அப்பான்ர திவசம் முடிஞ்ச கையோட, டொக்டரைப் பாக்கோணும் எண்டு கேட்டனி. தலையிடி எண்டனி. தலையிடி இல்லை எண்டு எனக்குத் தெரியும் தம்பி. நான் வேலை செய்யிற இடத்தில, என்னோட இருந்து தேத்தண்ணி குடிக்கிறவை உன்ர பைலில அந்தச் சொல்லை வாசிப்பினம் எண்டு வெக்கப்பட்டு, சோதினை முடியட்டும் எண்டு பனடோல் தந்தன். ஊர் முழுக்க டொக்டரிட்ட அனுப்புற நான், உன்னை மறிச்சு வச்சன். நீ பிறகு கேக்கவே இல்லை. நானும் தப்பினன் எண்டு இருந்திட்டன்.

அதாலதான் திருப்பித் திருப்பிச் சொல்லுறன், அங்க பதி. அங்க ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. பாஸ்போட், அட்ரஸுக்குக் கடிதம் ஒண்டும் இல்லை எண்டாலும் பதியலாம், அதுகளைக் கட்டாயம் காட்டு எண்டு சொல்லேலாது. றிசெப்சனில என்ன விசயம் எண்டு கேட்டாக் கோவிக்காதை, சொல்ல விருப்பமில்லாட்டி தனிப்பட்ட விசயம் எண்டு சொல்லு, காணும். இரவில மனசுக்கு ஏலாமல் வந்தா என்எச்எஸ் 111க்கு அடிச்சு 2ஐ அமத்து, அது எந்த நேரமும் இருக்கு. எனக்குச் சொல்லத் தேவையில்லை. சாப்பிடு.

பதியிற ஃபோர்மை பிறிண்ட் எடுத்து நிரப்பிப் போட்டோ அனுப்புறன், அதைப் பாத்து நீ எழுது. பேர், பிறந்த திகதி, பிறந்த இடம், பழைய சேர்ஜரி எல்லாம் எழுதிட்டன். அட்ரஸ் மட்டும் வெறுமையாக் கிடக்கு. நீ வீடு மாறிட்டாய் எண்டு சின்னவள்தான் சொன்னவள்.

அம்மா