தவிலோடு வா, முருகா

வண்டிப்பெரியாறு

அன்புள்ள முருகா,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி, பனிக்குக் கொஞ்சம் கூடுதல். சின்னவள் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்து வரிசை வீடுகளில் மாதக்கணக்காகச் சம்பளம் இல்லை. 2000-ஐ ஒட்டி பீர்மேட்டுப் பக்கம் தோட்டங்களை ஒவ்வொன்றாகப் பூட்டியபோது உங்கள் குடும்பம் கம்பத்துக்கு இறங்கியதே, அதே பேச்சு, அதே முகங்கள். வேலையிலிருந்து நின்றவர்களுக்கு கிராஜுவிட்டி வரவில்லை. வீட்டைப் பராமரிப்பது முதலாளி பொறுப்பு என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தாச்சு. ஒழுகுகிற கூரைக்கு ஒரு தகரம் மாற்ற ஆளில்லை. மழை வலுத்தால் ராத்திரி யாரும் தூங்குவதில்லை. மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டில் மலை சரிந்து லயத்தோடு 70 பேர் மண்ணுக்குள் போனார்களே, அந்தப் பயம்.

இப்படி இருக்கும்போதுதான் செல்லம்மா அத்தை கூப்பிட்டாள். "ஏலே, ஊருக்கெல்லாம் போர்டு எழுதுறியே, என் வாசல்ல உங்க மாமன் பேரை எழுதிக் குடு." சுவர் ஈரம் குடித்துக் கிடக்கிறது, எனாமல் நிற்காது. எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்தி, சிவப்பு பிரைமர் அடித்து, மஞ்சளில் எழுதினேன். மேலே மாடசாமி, கீழே கவாத்து. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவதில் மாமாவை மிஞ்ச ஆள் ஏது? அத்தைக்கு எழுத்து தெரியாது. பெயிண்ட் காய்வதற்குள் விரலால் தடவிவிட்டாள், முதல் எழுத்தின் கால் இழுபட்டுப் போயிற்று. திருத்தப் போனால் விடவில்லை.

அப்புறம் லயமே டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தது! பேருக்குக் கீழே அவரவர் கெட்டிக்காரத்தனம் இருக்க வேண்டுமாம். கொழுந்து பறிப்பதில் யார் முதல் என்று இரண்டு கிழவிகளுக்குள் பெரிய சண்டை. சண்டை சிரிப்பில் முடிந்தது. அந்த லயத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம் ஆச்சு, முருகா.

வயிறு காயும்போது தவில் எதற்கு என்று போனில் கேட்டாயே. அரிசி வேண்டும்தான். சங்கத்துக்காரர்கள் கொண்டுவந்த மூட்டைகளை நானும் சேர்ந்துதான் இறக்கினேன். ஆனால் அந்த வரிசையில் அத்தை குனிந்த தலை நிமிரவில்லை. தகடு மாட்டிய அன்று வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். இதைக் கண்ணால் பார்த்தபிறகு நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.

பங்குனியில் மாரியம்மன் திருவிழா. இந்த வருஷம் வேண்டாம் என்று கமிட்டியில் முடிவெடுத்திருந்தார்கள். கரகம் மட்டுமாவது எடுப்போம், முருகன் தவிலோடு வருவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பாய்.

அண்ணன் போனதிலிருந்து நீ தவிலைத் தொடவில்லை என்று உன் மகன் சொன்னான். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அவர் நாயனம் இல்லாமல் உனக்குக் கை வராது, தெரியும். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் முதலில் வாசித்தது இந்தக் கோவில் வாசலில்தானே. இங்கே உன் அடிக்குத் தலையாட்ட இன்னும் ஆள் இருக்கிறது. உனக்கும் அது வேண்டும்டா.

கூலி கிடையாது. சோறும் கட்டன்சாயாவும் உண்டு. தோல் தளர்ந்திருந்தால் இப்போதே கொடுத்துச் சரிபண்ணு. மகனைத் தாளத்துக்குக் கூட்டி வா. குமுளியில் கோட்டயம் பஸ் ஏறினதும் போன் பண்ணு, பாலத்துப் பக்கம் நிற்கிறேன்.

உன்,
ராசு