பழகிவிட்டோமாம்!

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் 1987இல் இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படையின் காலம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். கட்டுரையாளர் கெட்டிக்காரர்தான், நிறையத் தேடி எழுதியிருக்கிறார். ஆனால் நடுவில் ஒரு வரி: யாழ்ப்பாணத்துச் சனம் சோதனைச் சாவடிகளுக்கு மெல்ல மெல்லப் பழகிவிட்டதாம். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

நான் அப்போது தபாற் கந்தோரில் எழுதுவினைஞர். வீட்டில் இருந்து கந்தோருக்கு நாலு மைல், இடையில் மூன்று சென்றி, அதுதான் சோதனைச் சாவடி. பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய ஒவ்வொன்றுக்கும் ஐம்பது யார் முன்னாலேயே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும், ஏதோ யோசனையில் மறந்துபோய் இறங்காமல் போனால் துவக்கு நிமிரும். ஐசியை, அதாவது அடையாள அட்டையை, நீட்டினால் இந்தியச் சிப்பாய் பின்பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பார். அதில் இருப்பது சிங்களமும் தமிழும், அவருக்குத் தெரிந்ததோ இந்தி. திருப்பிப் பிடியுங்கோ என்று சொல்ல எனக்கு ஒருநாளும் துணிவு வரவில்லை. அதோடு விட்டார்களா? சாப்பாட்டுக் கரியரைத் திறக்கச் சொல்லிக் குச்சியால் கிளறுவார்கள். கத்தரிக்காய்க் குழம்புக்குள் நான் எதை ஒளித்துவைப்பேன் என்று நினைத்தார்களோ!

கந்தோருக்கு எதிரிலும் ஒரு சென்றி இருந்தது. அங்கே நின்றவர்கள் எங்கள் கிணற்றில்தான் குளிப்பார்கள். எல்லாரையும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், பாதிப் பேர் மீசை சரியாக முளைக்காத பிள்ளைகள். ஆனால் காலையில் வாளி கேட்டவர் பின்னேரம் ஐசி கேட்பார், முன்பின் கண்டிராதவர் மாதிரி. தமிழ் தெரிந்த ஒருவர் கொஞ்ச நாள் நின்றார். "அண்ணே, நீங்க போங்க" என்று விட்டுவிடுவார். அவரையும் எங்கேயோ மாற்றிவிட்டார்கள்.

1987 ஓகஸ்டில் அவர்களுக்கு மாலை போட்ட சனத்தில் நானும் நின்றேன், அதை மறைக்கவில்லை. ஒக்டோபரில் புலிகளோடு சண்டை தொடங்கி, தீபாவளியன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் அவர்கள் நடத்திய படுகொலை உங்களுக்குத் தெரியாததா, அதையும் நான்தான் எழுத வேண்டுமா?

சரி, அவர்கள் போன பிறகாவது விட்டதா? 2002இல் கண்டிக்குப் போகும் ஏ9 பாதை திறந்தபோது முகமாலையில் இந்தப் பக்கம் இலங்கை ஆமி, அந்தப் பக்கம் புலிகள் இயக்கம், ஒரே பையை இரண்டு பேருக்கும் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் பயணம். 2006இல் அந்தப் பாதையையும் மூடினார்கள். 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு என் பேத்தி, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். "அப்பப்பா, உங்கட பையையும் இப்பிடிப் பார்த்தவையோ?" என்று கேட்டாள். கரியர் கதையைச் சொல்ல மனம் வரவில்லை.

அந்த மூன்று சென்றியும் இப்போது இல்லை, ஒன்று இருந்த இடத்தில் சலூன் வந்துவிட்டது. ஆனாலும் அந்த வளைவு வந்தால் என்னை அறியாமலே சைக்கிளை விட்டு இறங்கிவிடுகிறேன். கூட வரும் பேத்தி சிரிப்பாள், சலூன்காரர் தலைமயிர் வெட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கதிரையைத் தட்டிப் போடுவார். கட்டுரையாளர் இதைத்தான் பழக்கம் என்கிறாரோ என்னவோ.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். அந்த வரியை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அச்சில் ஏறியது ஏறியதுதான். அமைதிப்படை 1989இல் முழுதாகப் போய்விட்டதாகப் போட்டிருக்கிறீர்கள், அது பிழை. கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது 1990 மார்ச் 24. அடுத்த இதழில் ஆண்டையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் எழுதுவினைஞர்,
யாழ்ப்பாணம்