தூக்குவிசை மையம் நகர்வதையும் காட்டுங்கள்: சிமுலேட்டர் உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

விமானத்தை நாமே வடிவமைத்துப் பறக்கவிடும் சிமுலேட்டர் விளையாட்டுகளை உருவாக்கிவரும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். ஸ்விங் விங் போர் விமானம், அதாவது பறக்கும்போதே இறக்கையைப் பின்னோக்கி மடக்கவும் மீண்டும் விரிக்கவும் கூடிய விமானம், கட்ட விரும்பும் ஆட்டக்காரர்கள் சார்பில் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கவே இதை எழுதுகிறேன்.

உடலின் இருபுறமும் கீல் வைத்து, இறக்கையைப் பொருத்தி, ஒரு ஸ்லைடரை (நகர்த்திக் கோணத்தை மாற்றும் கட்டுப்பாட்டை) இணைத்துவிட்டால் இறக்கை முன்னும் பின்னும் நகரும். அதுவரை வேலை சுலபம். இறக்கை பின்னோக்கிச் சாயும் கோணத்தை 20 பாகையில் வைத்து விரித்து, ஈர்ப்பு மையம் தூக்குவிசை மையத்துக்கு (இறக்கை தரும் தூக்குவிசை முழுவதும் செயல்படுவதாகக் கொள்ளப்படும் புள்ளிக்கு) சற்று முன்னால் அமையுமாறு எஞ்சினையும் எரிபொருளையும் நகர்த்திச் சரிசெய்த விமானம் அழகாக மேலெழும். வேகம் பிடித்ததும் இறக்கையை 68 பாகைக்கு மடக்கினால் தூக்குவிசை மையம் பின்னால் போய்விடும், மூக்கு கவிழும், ஸ்டிக்கை முழுவதும் இழுத்தாலும் நிமிராது. ஒலிவேகத்தைத் தாண்டும்போது அந்த மையம் இன்னும் பின்னுக்குப் போகும். மடக்கிய நிலைக்கு ஏற்ப எடையைப் பின்னுக்குத் தள்ளிவைத்தாலோ, தரையிறங்குவதற்காக இறக்கையை விரித்த உடனே மூக்கு மேலே எகிறி, விமானம் கைவிட்டுப் போகிறது.

இது உங்கள் இயற்பியலின் குறையன்று, அது சரியாக இருப்பதற்கான சான்று. 1951இல் பறந்த பெல் எக்ஸ்-5 விமானத்தில் இதே சிக்கலைச் சமாளிக்க, மடங்கும்போதே இறக்கையின் அடிப்பகுதியும் முன்னோக்கி நகரும்படி ஒரு பொறியமைப்பைச் சுமக்க வேண்டியிருந்தது. பிறகு நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் கண்டறியப்பட்ட வழியோ எளிமையானது: கீலை உடலின் நடுவிலிருந்து விலக்கி வெளியே வைத்து, அதற்கு உட்புறம் அசையாத இறக்கைப் பகுதியை விட்டுவைப்பது. அப்போது மையம் குறைவாகவே நகரும். அமெரிக்காவின் எஃப்-111, எஃப்-14 ஆகியவை இந்த வழியில் வந்தவை. சோவியத் நாட்டின் சு-17இல் இறக்கையின் வெளிப்பாதி மட்டுமே மடங்கியது.

இந்த வழியை ஆட்டக்காரர் தாமே கண்டறியலாம், மையம் நகர்வதை அவர் காண முடிந்தால். நான் பயன்படுத்தும் விளையாட்டின் வடிவமைப்புக் கூடத்திலோ, இறக்கை பொருத்தப்பட்ட கோணத்துக்குரிய மையம் மட்டுமே தெரிகிறது. கீலை ஒரு மீட்டர் வெளியே நகர்த்தியதால் என்ன மாறியது என்பதை அறிய ஒவ்வொரு முறையும் பறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அலுத்துப்போய் இறக்கையை அசையாமல் பூட்டிவிடுகிறவர்களை நான் அறிவேன். ஆகவே, கூடத்திலேயே ஸ்லைடரை நகர்த்தவும், விரித்த நிலையிலிருந்து மடக்கிய நிலைவரை தூக்குவிசை மையம் செல்லும் பாதையை ஒரு கோடாகக் காணவும் வழிசெய்யுங்கள்.

மாக் எண்ணை (ஒலிவேகத்தோடு ஒப்பிட்ட விமான வேகத்தை) கீலுக்கு உள்ளீடாகத் தருவதும் பேருதவியாக இருக்கும். சோவியத்தின் மிக்-23இன் விமானி 16, 45, 72 பாகைகளில் ஒன்றைத் தாமே தேர்ந்தெடுத்தார். எஃப்-14இலோ வேகத்துக்கேற்ற கோணத்தைக் கணினியே அமைத்தது. இரண்டையும் கட்டிப்பார்க்க ஆசைப்படுகிறோம்.

கீல் தாங்கும் சுமையையும் கணக்கில் கொள்ளுங்கள். 1969 டிசம்பரில் நெவாடாவில் எஃப்-111ஏ ஒன்று, கீல் பகுதியின் எஃகில் இருந்த குறையால் இறக்கை முறிந்து விழுந்தது, இருவர் உயிரிழந்தனர். கீல் ஒருபோதும் முறியாத விளையாட்டில், அந்த இணைப்புக்காக எஃப்-14இன் பொறியாளர்கள் டைட்டானியத்தைப் பற்றவைக்க ஏன் அத்தனை பாடுபட்டார்கள் என்பது விளங்காது.

மூன்றையும் ஒரே பதிப்பில் எதிர்பார்க்கவில்லை. தூக்குவிசை மையத்தின் பாதையை முதலில் தாருங்கள். மற்ற இரண்டுக்கும் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்விங் விங் விமானங்களைக் கட்டிவரும் ஆட்டக்காரர் ஒருவர்