காணியின் விலை கேட்டிருந்தாய்

வெள்ளவத்தை,
ஓகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்பின் தீவான்,

சுகமா? இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். கட்டையன் மறுபடியும் கடை மாற்றிவிட்டான், அந்தக் கதை பிறகு.

சித்திரையில் நீ கேட்ட காரியத்துக்கு இன்றைக்குத்தான் பதில் எழுதுகிறேன். நாலு மாதம் பேசாமல் இருந்தது பிழை. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ ஒரு வசனத்தை முடிக்க விடமாட்டாய், பாதியில் ஒரு பகிடி விட்டுக் கதையை எங்கேயோ கொண்டுபோய் விடுவாய். இந்தமுறை கடைசிவரைக்கும் கேட்கவேண்டும்.

உன் ஊர் நெடுந்தீவுக்குப் போய் வந்தோம். நான், மனுசி, பிள்ளைகள் இரண்டு பேர். பள்ளிக்கூட விடுமுறைக்கு நிலாவெளி என்றுதான் முதலில் கதை. மூத்தவள் சம்மதிக்கவில்லை. "குதிரை மாமாவின்ர ஊருக்குப் போவம்" என்று ஒரே பிடியாக நின்றாள். வீடியோவில் வரும்போதெல்லாம் அவளுக்கு நீ அளந்த அளப்பின் பலன். நாங்கள் ஒன்றாக இருந்த ராமகிருஷ்ண வீதி அறையில், "எங்கட ஊரில குதிரையள் தன்ர பாட்டில திரியும்" என்று நீ சொன்ன நாளிலிருந்து நாங்கள் உன்னைக் கனைத்துத்தானே எழுப்பினோம். நீ சொன்னதெல்லாம் உண்மையடா. கட்டையனிடமும் சொல்லிவிட்டேன், அவனும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று.

கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறி விடிய யாழ்ப்பாணம். பண்ணைப் பாலம், வேலணை, அங்கிருந்து வாணர் பாலம், புங்குடுதீவு. இரண்டு பக்கமும் கடல், நடுவில் தெரு. சின்னவன் பஸ் மிதக்கிறது என்று நினைத்து என் மடியில் ஏறிவிட்டான். எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் தண்டவாளத்துக்கு அங்கால கிடக்கிற ஒன்று. ரயில் போனபிறகு கல்லில் இருந்து பார்க்கலாம், இறங்கக்கூடாது. பிறந்ததிலிருந்து கடலுக்கு இருநூறு யார் தள்ளி இருக்கிறார்கள், கடல் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியதில்லை.

குறிகட்டுவானில் வள்ளம் ஏறும்போதுதான் எனக்கு நெஞ்சு படபடத்தது. சோளகக் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கீழ்த்தட்டில் டீசல் மணம், அரிசி மூட்டை, சிலிண்டர், ஒரு ஆட்டுக்குட்டி, சனம். உயிர்காப்பு மேலங்கி கொடுத்தார்கள், எல்லாம் பெரிய ஆட்களின் அளவு. ஐந்து வயசுப் பிள்ளைக்கு அதைப் போட்டால் கை இரண்டையும் தூக்கினதும் தலை வழியாகக் கழன்று வருகிறது. பிள்ளைகளின் அளவில் இல்லையா என்று கேட்டேன். "பழகின பாதைதானே அண்ணை" என்றான் பெடியன். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் ஏறி இறங்குகிற பாதையில் இது எப்படிச் சரியாகும்? சால்வையால் சின்னவனை என் இடுப்போடு கட்டிக்கொண்டு இருந்தேன். உன் பிள்ளைகளோடு வரும்போது ரொறன்ரோவிலிருந்தே அளவான அங்கிகள் கொண்டு வா. நாலு கூடக் கொண்டு வந்தால் அங்கேயே விட்டுவிட்டுப் போகலாம்.

ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலமும் 1985 மே 15 தான் மனதில் நின்றது. அறையில் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் நீ சாப்பிடாமல் இருப்பாய், நாங்கள் காரணம் கேட்கமாட்டோம். அன்றைக்குக் குமுதினிப் படகில் கைக்குழந்தை உட்பட வெட்டிக் கொல்லப்பட்ட சனத்தைப் பற்றி எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். வாசித்தது வேறு. அதே தண்ணீரில், பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு, எழும்பி ஓட இடமில்லாத ஒரு வள்ளத்தின் அடியில் இருந்து அதை நினைப்பது வேறு. மாவிலித்துறையில் இறங்கியதும் மூத்தவள், "ஏனப்பா முகம் இப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். வெயில் என்று சொன்னேன். அவளுக்கு எட்டு வயசு, இன்னும் கொஞ்சம் வளரட்டும்.

ஊர் சுற்றிய விபரம் சுருக்கமாக. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கோட்டை, புறாக்கூடு, இரண்டையும் ஓட்டோவில் பார்த்தோம். பெருக்கமரத்துப் பொந்துக்குள் நாலு பேரும் நின்று படம் எடுத்தோம். வளரும் கல்லடியில் மூத்தவள் தன் உயரத்தையும் கல்லின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டாள், வருகிற வருஷம் வந்து யார் கூட வளர்ந்தது என்று பார்க்கப்போகிறாளாம். நண்டுக் குழம்பும் ஒடியற் கூழும் சாப்பிட்டோம். கூழ் குடித்த மனுசி, இனிமேல் உன்னைப் பற்றிக் குறை சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணினாள்.

குதிரைகளைத் தெற்கு வெளியில் தூரத்தில்தான் கண்டோம். பறங்கியர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் வளர்த்து, வெள்ளைக்காரனும் விட்டுப்போனபின் காட்டில் பெருகினவை என்று ஓட்டோக்காரர் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினார். அந்தப் பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. பூங்கா என்ற சொல்லைக் கேட்டதும் சின்னவன் ஊஞ்சல் எங்கே என்று தேடினான். புல் ஒரு துளி பச்சை இல்லை. குட்டி ஒன்றின் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. கோடை கடுமையானால் தண்ணீர் இல்லாமல் சாகிறவை உண்டு என்று அவர் மெதுவாக எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

இனி உன் காணி. கவனமாக வாசி.

ஆறு பரப்பும் அப்படியே கிடக்கிறது. வீட்டின் கூரை போய்விட்டது, சுவர் இடுப்பளவு. முருகைக்கல் வேலி மட்டும் ஒரு கல் அசையாமல் நிற்கிறது. சீமெந்து இல்லாமல் எப்படி நிற்கிறது என்று மூத்தவள் வியந்தாள். பக்கத்து வளவிலிருந்து ஆச்சி வந்து சொன்னா: "ஓட்டைக்குள்ளால காத்துப் போகுமெல்லே மோனை, அதுதான் விழாது. சீமெந்து பூசினா ஒரு சோளகத்துக்குத் தாங்காது." உன் ஆச்சியின் தங்கை, உனக்கு விளங்கும். உன் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய் மேற்கு மூலையைக் காட்டினா. "இதிலதான் ஏறி விழுத்தினவன். அப்பு அடிக்கேல்ல, இருந்து திரும்ப அடுக்கினவர். அவனையும் கல்லுத் தூக்க வைச்சவர்." அந்த இடத்தில் கல்லின் நிறம் இன்னும் வேறாகத் தெரிகிறது.

வேலிக்கு வெளியே, கிணற்றுப் பக்கமாக, ஒரு கல்தொட்டி. அதைப் பற்றி நீ ஒரு நாளும் சொன்னதில்லை. குதிரைகளுக்காக உன் அப்பு கட்டினது, கோடையில் பின்னேரம் பின்னேரம் இருபது வாளி இறைத்து ஊற்றுவாராம். இப்போது அடியில் வெடித்துவிட்டது. ஆச்சி ஏலுமான நாளில் ஐந்தாறு வாளி ஊற்றுகிறா, பாதி நிலத்துக்குள் போகிறது. நாங்கள் நிற்கும்போதே ஐந்து மணிக்கு மூன்று குதிரைகள் வந்தன. ஒரு பெட்டையும் குட்டியும், கூட இன்னொன்று. எங்களைக் கண்டும் ஓடவில்லை. தொட்டியடியில் வந்து சும்மா நின்றன.

சின்னவன் தன் போத்தில் தண்ணீர் முழுவதையும் தொட்டிக்குள் ஊற்றினான். நனையக்கூட இல்லை. அழத் தொடங்கிவிட்டான். நான் சேட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு இறைத்தேன். தண்ணீர் கொஞ்சம் உவர்தான், ஆனால் கிணறு வற்றவில்லை. மூத்தவளும் மனுசியும் வாளி கைமாற்றினார்கள். வெடிப்பில் ஆச்சி களிமண் வைத்து அடைத்தா. குட்டி முதலில் குடித்தது. மறுநாளும் அதே நேரம் போனோம், ஏழு நின்றன.

காணிக்கு விலை விசாரிக்கச் சொன்னாய். விசாரித்தேன். வாங்க ஆள் இருக்கிறது, தங்குமிடம் கட்டப்போகிறாராம், வேலியை இடித்து மதில் எழுப்புவது முதல் வேலையாம். தொகையைக் கேட்டும் இதில் எழுதவில்லை. ரொறன்ரோவில் வீட்டுக்கடன் உன்னை நெரிப்பது எனக்குத் தெரியும், உன் கஷ்டத்தில் நான் நியாயம் பேச வரவில்லை. நீ திரும்பவும் கேட்டால் அடுத்த நிமிஷமே சொல்லுவேன். அதற்கு முதல் ஒருக்கால் வந்து பின்னேரம் ஐந்து மணிக்கு அந்த வேலியடியில் நில். பிள்ளைகளையும் கொண்டு வா. ஆச்சிக்கு எண்பத்திரண்டு. உன்னை இன்னாரின் பேரன் என்று சொல்ல அந்த ஒழுங்கையில் அவ ஒருத்திதான் மிச்சம்.

இன்னொரு விஷயம், இதற்கு உடனே பதில் வேண்டும். தொட்டியைத் திருத்த மேசன் ஒருவரைப் பேசியிருக்கிறேன். மாரி தொடங்கினால் வேலை நடக்காது, புரட்டாசிக்குள் முடிக்கவேண்டும். செலவு பெரிதில்லை, உன்னிடம் கேட்கவும் இல்லை. காணி உன்னுடையது என்பதால் கேட்கிறேன். ஆச்சியின் வாளியும் ஓட்டை. வெள்ளவத்தைச் சந்தையில் இரண்டு வாளியும் ஒரு கப்பியும் நைலோன் கயிறும் வாங்கி முன்னறையில் வைத்திருக்கிறேன். சின்னவன் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்து, மாமா எழுதிவிட்டாரா என்று கேட்கிறான். விற்பதைப் பற்றி ஆறுதலாக யோசி. தொட்டிக்கு மட்டும் ஓம் என்று எழுது.

உன்
கூட்டாளி