சரீரம் உயிர்த்தெழுதல்: மகளுக்கு ஒரு கடிதம்

ஏற்காடு

கர்த்தருக்குள் அன்பான கண்ணு,

உன் தோழியின் அப்பாவுக்காகச் சனிக்கிழமை வைக்கும் ஆறுதல் ஜெபத்தில் உன்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னதாக எழுதியிருந்தாய். "ஆத்துமா மோட்சம் போய்விட்டது, உடம்பு வெறும் கூடு என்று சொல்லி ஜெபித்துவிடவா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. துக்க வீட்டுக்கு வருகிற எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நாமோ விசுவாசப்பிரமாணத்தில் சரீரம் உயிர்த்தெழும் என்று அறிக்கையிடுகிறோம். ஆத்துமா அழியாது என்று கிரேக்கரில் பலர் ஏற்கெனவே நம்பியிருந்தார்கள். மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று அப்போஸ்தலனாகிய பவுல் சொன்னதும்தான் அத்தேனே பட்டணத்தில் சிலர் பரியாசம் பண்ணினார்கள் (அப்போஸ்தலர் 17:32). மரித்தவர் கிறிஸ்துவோடு இருக்கிறார் என்பது மெய்தான், பிலிப்பியர் 1:23 இருக்கிறது. ஆனால் அது நடுவழி. ஊர் இன்னும் வரவில்லை.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தை (1 கொரிந்தியர் 15) எடுத்துக்கொள். மொத்தம் 58 வசனம். முழுவதும் வாசித்தால் உன் நேரம் அதிலேயே போய்விடும். 3 முதல் 8, பிறகு 20, பிறகு 35 முதல் 44 வரை போதும். கி.பி. 55 வாக்கில் எபேசுவிலிருந்து பவுல் இதை எழுதுகிறார். சிலுவை நடந்து ஏறக்குறைய 25 ஆண்டுதான். உயிர்த்த இயேசுவை ஒரே வேளையில் கண்ட ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்று சொல்கிற துணிச்சல் அதில் இருக்கிறது. 20-ஆம் வசனத்தில் 'முதற்பலன்' என்ற சொல்லில் கொஞ்சம் நில். முதலில் அறுத்த கதிர் எப்படியோ, நிற்கிற வயலும் அப்படியே.

அடுத்து விதை. பவுல் கோதுமை மணியைச் சொல்கிறார். நீ நம் மலைக் காப்பி விதையைச் சொல்லலாம். பழத்தோலை நீக்கி நிழலில் உலர்த்திய விதையை, தட்டையான பக்கம் கீழே இருக்க மேட்டுப்பாத்தியில் வரிசையாக வைத்து, மெல்ல மண் தூவி, வைக்கோல் போர்த்துகிறோம். ஏறக்குறைய 45 நாள் மேலே ஒன்றும் தெரியாது. பிறகு தண்டு எழும்பும், விதையைத் தொப்பி மாதிரித் தலையில் சுமந்துகொண்டு. ஓடு கழன்றதும் இரண்டு பச்சை இலை விரியும். புதைத்ததும் எழுந்ததும் ஒரே உயிர், உருவம் மட்டும் வேறு. உவமை இதற்கு மேல் போகாது என்பதையும் சொல்லிவிடு. விதை தன் இயல்பால் முளைக்கிறது. அதிகம் காய்ந்தாலோ நீர் தேங்கினாலோ முளைக்காமலே போகிறது. பிணத்துக்கு அப்படி இயல்பு எதுவும் கிடையாது. 38-ஆம் வசனம் மேனியைக் கொடுப்பவர் தேவன் என்கிறது.

44-இல் வரும் 'ஆவிக்குரிய சரீரம்' பலரைத் தடுக்கி விழவைக்கிறது. ஆவி மாதிரி மிதக்கிற உடம்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். தேவ ஆவியால் உயிர் பெற்ற சரீரம் என்பதே பொருள். லூக்கா 24:39-ஐப் பார். ஆவிக்கு மாம்சமும் எலும்பும் இல்லை என்று சொல்லி, இயேசு மீன் வாங்கிச் சாப்பிடுகிறார்.

இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய லாசருவை உதாரணமாக வைக்காதே. அவன் கட்டுகளோடு வெளியே வந்தான், மற்றவர்கள் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. மறுபடி மரிக்கிற பழைய உடம்புக்கே திரும்பினான். இயேசுவின் கல்லறையில் சீலைகள் கிடந்தன, அவர் இனி மரிப்பதில்லை (ரோமர் 6:9). ஆனால் யோவான் 11:35-ஐக் கட்டாயம் வாசி. எழுப்பப் போகிறவரே முதலில் கண்ணீர் விட்டார். அதனால் அந்த வீட்டில் யாரிடமும் 'அழாதீர்கள்' என்று சொல்லாதே. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதினார்.

நித்திய ஜீவனைச் சுருக்கமாகச் சொல்: செத்த பிறகு தொடங்குவது அல்ல. யோவான் 5:24 விசுவாசிக்கிறவனுக்கு 'உண்டு' என்கிறது.

கூட்டத்தில் பாதிப் பேர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்) என்றாய். நம் வேதாகமத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று இருப்பது, 1995-இல் வந்த அவர்களுடைய திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று இருக்கிறது. நீ வெறுமனே 'நம்பிக்கை' என்றால் ஆளுக்கொன்றாகப் புரிந்துகொள்வார்கள். 'கடவுளை நம்பிச் சாய்வது', 'வரப்போவதை எதிர்பார்ப்பது' என்று விரித்துச் சொல்.

முடிவில் எல்லாரும் எழுந்து நின்று விசுவாசப்பிரமாணம் சொல்லுங்கள். நித்திய ஜீவன் என்று சிலரும் நிலைவாழ்வு என்று சிலரும் சொல்வார்கள், சொல்லட்டும். உன் தோழியின் அம்மா பக்கத்தில் நின்றுகொள்.

அம்மா