கைமாற்றுத் தண்ணீர்

நாகர்கோவில்,
12.4.2043

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். இந்தக் காலத்தில் பேனாவும் தாளுமா என்று சிரிப்பாய். காரணம் இருக்கிறது. நான் பேசி அனுப்புவதை எல்லாம் உன் போன் மூன்று வரியாகச் சுருக்கித் தருகிறது என்று நீயே சொன்னாய். போன வாரம் அரை மணி நேரம் பேசினேன். ‘அப்பா நலம், தண்ணீர்ப் பிரச்சினை, அம்மா விசாரித்தார்’ என்றுதான் உனக்கு வந்ததாம். அரை மணி நேரமும் நான் பேசினது அந்தத் தண்ணீர்ப் பிரச்சினையைத்தான் மக்ளே. அம்மா விசாரித்தது கடைசியில் ஒரு வார்த்தை. தாளைச் சுருக்க உங்கள் ஆபீசில் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நம்ம ஊர்த் தண்ணீரைப் பங்குவைக்கிற கணினிக் கணக்கை எழுதினது உன் கம்பெனி இல்லை, எனக்குத் தெரியும். நீ எழுதுவது வேறு ஊர்களுக்கு. ஆனாலும் எல்லோரும் ஒரே பாடம் படித்துவிட்டு எழுதுகிறவர்கள்தானே. அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

இப்போது ஊர் எப்படி நடக்கிறது என்றால், முக்கடல் அணை கோடைக்கு முன்னாலேயே தரை தட்டிவிடுகிறது. புத்தன் அணையிலிருந்து குழாயில் வருவதை வைத்துத்தான் ஓடுகிறது. வீட்டு வாசலுக்கு ஒரு வால்வு. ரேஷன் கார்டில் எத்தனை தலையோ அத்தனை தலைக்கு அளந்து, மூன்று நாளைக்கு ஒரு தடவை விடியக்காலம் அதுவே திறக்கும், அதுவே அடைக்கும். நல்லதையும் சொல்ல வேண்டும். முன்னே மேட்டில் இருந்த கடைசி வீடுகளுக்குக் காற்றுதான் வரும். இடையில் இருக்கிறவன் மோட்டாரை வைத்து உறிஞ்சிவிடுவான். அது ஒழிந்தது. கடைசி வீட்டுக்கும் இப்போது அளவு தவறாமல் வருகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். வேலைக்காலம் முழுக்கக் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டே திரிந்தவன் நான்.

கோளாறு எங்கே என்றால், நம் கிழக்கு வீட்டு டீச்சரம்மா கார்டில் ஒரே ஒரு தலை. வீட்டில் இருப்பது ஆறு பேர். போன வருஷம் மே மாதம் கள்ளக்கடல் ஏறினதில் ராஜாக்கமங்கலம் துறைப் பக்கம் அவர்கள் தம்பி வீடு போய்விட்டது. இங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை. எங்கோ தென்கடலில் அடித்த புயலின் அலை நாட்கணக்கில் நடந்து வந்து வீட்டுக்குள் ஏறுகிறது. ஐதராபாத்தில் இருக்கிற கடல் எச்சரிக்கை மையத்திலிருந்து தகவல் வந்து ஆள்கள் தப்பிவிட்டார்கள். வீடு எங்கே தப்பும்? அவர்கள் கார்டு பழைய விலாசத்தில் நிற்கிறது. வீடு இல்லை என்று தாள் வந்தால்தான் விலாசம் மாறும். அந்தத் தாள் பதினோரு மாசமாக எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறது. வால்வுக்கு இது எதுவும் தெரியாது. டீச்சரம்மா ஒருத்திக்கு உண்டானதை விட்டுவிட்டு அடைத்துவிடும்.

தெரு சும்மா இருக்குமா? நம் வீடு, வடக்கு வீடு, எதிர்வீடு மூன்று பேரும் முறை போட்டுக்கொண்டோம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓஸைப் போட்டு அவர்கள் தொட்டியில் கொஞ்சம் விடுவது. இங்கேதான் கணினி முழித்துக்கொண்டது. மாடித் தொட்டியிலும் ஒரு மீட்டர் உண்டு, உனக்குத் தெரிந்திருக்கும். பகலில் விட்டுவிட்டுச் செலவாகிற தண்ணீர் ராத்திரியில் இருபது நிமிஷம் ஒரே சீராகப் போனால் அது மனுஷன் செலவழித்தது இல்லை, கசிவு என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கசிவு என்றால் சரிசெய்கிற வரைக்கும் பாதிப் பங்குதான். மூன்று வீட்டுக்கும் பாதியானது.

ஒரு பையன் காதுக்கருவியும் நீளக் கம்பியுமாக வந்தான். கம்பியைத் தரையில் ஊன்றி ஒவ்வொரு இடமாகக் கேட்டான். பிறகு ரோட்டைத் தோண்டினான். தார், அதன் அடியில் ஜல்லி, அதன் அடியில் யாருக்கும் உபயோகம் இல்லாத பழைய இரும்புக் குழாய், அப்புறம் செம்மண். முழங்கால் ஆழத்துக்குப் போயும் ஈரம் இல்லை. அம்மா சாயா கொடுத்தாள். குடித்துக்கொண்டே நிமிர்ந்தவன் கண்ணில் மதில்மேல் கிடந்த பச்சை ஓஸ் பட்டது. அதன் நுனியில் ஒரு கிழிந்த துவர்த்துத் துண்டைச் சுற்றி, சத்தம் கேட்காதபடி டீச்சரம்மா தொட்டிக்குள் தொங்கவிட்டிருந்தோம். அவன் அதையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். கையில் இருந்த கருவியை நீட்டிக் காட்டினான். அதில் நாலு கட்டம்: கசிவு உண்டு, கசிவு இல்லை, குழாய் சேதம், திருட்டு.

“இதுல இத எழுததுக்கு எடம் இல்ல சார். கசிவு இல்லைன்னு போட்டா நேர திருட்டுல போய் நிக்கும். உண்டுன்னு போடுதேன், பத்து நாள் கெடைக்கும்லா” என்றான். போட்டுவிட்டுக் குழியை மூடிவிட்டுப் போனான். நல்ல பையன். எந்த ஊர் என்று கேட்க மறந்துபோனேன்.

பத்து நாள் கழித்து வேறொருவன் வந்து அதே இடத்தைத் தோண்டினான். அந்தக் கதை வேண்டாம்.

அனந்தனார் கால்வாயில் ஷட்டரைத் திறந்து அடைக்கிற லஸ்கராக நான் நின்ற நாள்களில் மேலே இருந்து என்னிடம் கேட்பது ரெண்டே ரெண்டு. ஷட்டரில் எத்தனை அடி விட்டாய், கடைமடைக்கு எத்தனை போய்ச் சேர்ந்தது. நடுவில் யார் வயலுக்கு எப்போது என்பது வயல்காரர்கள் பாடு. ஒருவனுக்கு நாற்றங்கால் காயும், இன்னொருவன் வீட்டில் சாவு விழுந்திருக்கும். ரெண்டு பேரும் ஷட்டருக்கு வந்து, “இந்த வட்டம் அவனுக்கு விடும், அடுத்தது எனக்கு” என்பார்கள். நான் சரி என்பேன். பெருஞ்சாணி அணையில் 77 அடி, பேச்சிப்பாறை அணையில் 48 அடி என்று கணக்குப் பார்த்தே வளர்ந்த ஊர்தான் இது. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை நூறு வருஷத்துக்கு மேலாகப் பங்குபோட்டதில் இந்த மாதிரி வாய்ச்சொல்லுக்கும் ஒரு இடம் இருந்தது.

உடனே நீ ‘அப்பா, அது என்ன பொற்காலமா’ என்பாய். இல்லை. மேல்மடைக்காரன் வாழைத்தடையை வெட்டிப்போட்டு அடைத்துவிட்டு மண்வெட்டியோடு நிற்பான். அவனுக்கு ஆள்பலம் இருக்கும். கேட்கப் போகிற எனக்கு ஒரு சாவியும் ஒரு நோட்டும்தான். எளியவன் வயல் எத்தனையோ தடவை கருகியிருக்கிறது. அதனால் மீட்டர் இருக்கட்டும், நானே கேட்பேன். அதை எடுக்கச் சொல்லவில்லை.

அந்த நாலு கட்டத்தோடு ஐந்தாவதாக ஒன்று வை என்கிறேன். கைமாற்று. அரிசிக்கும் சீனிக்கும் நாம் செய்வதைத் தண்ணீருக்கும் செய்கிறோம், அவ்வளவுதான். ஒரு வீட்டுக்காரன் தன் பங்கில் இருந்து பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன் என்று சொன்னால் வாங்கிக்கொள். வாங்கினவன் யார், வீட்டில் எத்தனை பேர், ஏன் என்று துருவாதே. தெருமுனையில் ஒரு மீட்டர் வைத்து மொத்தத்தைப் பார்த்துக்கொள். மொத்தம் மிஞ்சாவிட்டால் உனக்கு என்ன? இதில் தண்ணி லாரிக்காரன் புகுந்து வீடு வீடாக வாங்கி விற்றுவிடுவான் என்ற பயம் நியாயம். அதற்கு, தன் பங்கில் பாதிக்கு மேல் யாரும் கொடுக்க முடியாது, வாங்குகிற வீட்டுக்கும் இத்தனைக்கு மேல் இல்லை என்று வை. சண்டை வந்தால் வந்து கேட்க சாவியோடு ஒரு ஆள் வேண்டும். வார்டுக்கு ஒருவன் போதும். அந்தத் தோண்டின பையனையே போடலாம்.

நீ பிறந்த வருஷம்தான் ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 30. மரமும் கரண்ட் கம்பியும் ரோட்டில் கிடந்தன. எந்த வீட்டிலும் மோட்டார் ஓடவில்லை. தெரு முழுக்க டீச்சரம்மா வீட்டுக் கிணற்றில் கயிறு போட்டு இறைத்துத்தான் குடித்தது. உன் துணி அலசினதும் அதில்தான். இப்போது மணக்குடியிலிருந்து பழையாறு வழியே ஏறின உப்பு இடலாக்குடி தாண்டி வந்தாச்சு. அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது.

சாயாக்கடையில் இருந்து பேசுகிறவர்கள், “கடக்கரையில இருந்து வந்தவனுவளாலதான் நமக்குக் குடிக்க வெள்ளம் இல்லாம ஆச்சு” என்கிறார்கள். அப்படிப் பேசுகிறதில் ஒருவன் அவர்களிடம் ரெட்டை வாடகை வாங்குகிறவன். கணக்கில் இடம் இல்லாதவனைத் திருடன் என்று சொல்ல ஊருக்கும் பழகிவிடும், அதுதான் என் பயம்.

மற்றபடி விசேஷம் இல்லை. முப்பந்தலில் கரண்ட் எடுக்கிற காற்றாடி எல்லாம் சுற்றுகிறது, நம் தெருவில் கரண்ட் இல்லை. அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. மட்டி வாழைக்குலை ஒன்று முற்றிவிட்டது. பார்சலில் அனுப்பினால் கறுத்துப்போகும், நீ வருவதாக இருந்தால் வெட்டாமல் வைக்கிறேன்.

ஜூன் 1 அணை திறப்பு. அதோடு பங்குக் கணக்கைப் பூட்டிவிட்டால் அடுத்த பிப்ரவரி வரைக்கும் கை வைக்க மாட்டார்களாம். ஆக, மே மாசம் நடுவுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். எந்த ஆளுக்கு எழுதினால் படிப்பார்கள், என்ன பாஷையில் எழுதினால் கணக்கு எழுதுகிறவனுக்குப் புரியும், அதை மட்டும் நீ சொல். நான் எழுதி வைத்ததன் நகல் இதோடு இருக்கிறது. தெருவே கையெழுத்துப் போட்டிருக்கிறது. டீச்சரம்மா மட்டும் போடவில்லை. போட்டால் வீட்டில் ஆறு பேர் இருப்பது வெளியே வந்துவிடும் என்று எழுத்துப்பிழையை மட்டும் திருத்தித் தந்தார்கள். சிவப்பு மையில் இருப்பதெல்லாம் அவர்கள் கை.

இப்படிக்கு,
அப்பா