ஆறு தரம் வெண்டவர் எண்டு எழுதினா காணுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மாகாணசபை எலக்சன் இந்தா வருது அந்தா வருது எண்டு 2017ல இருந்து கேட்டுக் கேட்டு காது புளிச்சிப் போச்சு. எலக்சன்தான் வரல்ல, ஆனா பேப்பர்ல அரசியல்வாதிமார்ர புராணம் மட்டும் நிக்கிறதேயில்ல. இன்னார் இத்தின தரம் வெண்டவர், இன்னாருக்கு இத்தினாயிரம் விருப்பு வாக்கு, பக்கத்தில மாலையோட ஒரு போட்டோ, கதை முடிஞ்சிது. இத வாசிச்சிட்டு அந்தாள்ர முழுச் சரித்திரமும் தெரியும் எண்ட நினைப்பில சனம் சண்டை பிடிக்குது. அதப் பத்தித்தான் எழுதுறன், கொஞ்சம் நீளும், வெட்டாமப் போடுங்க.

மட்டக்களப்பில சின்னப் பிள்ளைக்கும் பேர் தெரிஞ்ச ஒராள வெச்சே சொல்றன். சொல்லின் செல்வர் செ. இராசதுரை. 1956, 1960 மார்ச், 1960 ஜூலை, 1965, 1970, 1977 எண்டு ஆறு எலக்சன், ஆறிலயும் வெற்றி. இடையில 1967ல மட்டக்களப்பு மாநகரசபை ஆனப்போ முதல் மேயரும் அவர்தான். இவ்வளவும் சரி, இதில ஒரு பிழையும் இல்ல. ஆனா இதோட நிப்பாட்டினா பாதிக் கதைதான் வரும், ஏனெண்டா அந்த ஆறு வெற்றியும் ஒரே மாதிரி வெற்றி இல்ல.

1956ல மட்டக்களப்புத் தொகுதிக்கு ஒராள்தான். 1960 மார்ச்ல இருந்து மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி. இப்பத்தப் பொடியன்களுக்கு இது விளங்காது, அதால விளக்கிச் சொல்றன். காத்தான்குடி, ஏறாவூர் சனமும் டவுன் பக்கத்துத் தமிழ்ச் சனமும் ஒரே தொகுதிக்குள்ள, அதுக்கு ரெண்டு எம்பி. ஒவ்வொரு வாக்காளருக்கும் ரெண்டு வோட்டு. அந்த ரெண்டையும் ரெண்டு பேருக்குப் பிரிச்சும் போடலாம், ஒராளுக்கே ரெண்டையும் போடலாம். அங்கதான் விளையாட்டே இரிக்கு. ஒரு ஊர் முழுக்க ஒண்டாச் சேந்து ரெண்டு வோட்டையும் ஒராளுக்கே போட்டா அந்த ஊர்ர பலம் இரட்டிப்பாகும், பிரிச்சுப் போட்டா நாலாப் பக்கமும் சிதறும். அப்ப ஒராளுக்கு இருபதாயிரம் வோட்டு எண்டா இருபதாயிரம் பேர் போட்டது எண்டு அர்த்தமில்ல, பத்தாயிரம் பேர் போட்டிரிந்தாலும் அந்தக் கணக்கு வரும். இது தெரியாம அப்பத்த வோட்டையும் இப்பத்த வோட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு இவர் பெரிசா அவர் பெரிசா எண்டு கேக்கிறதில என்ன பலன்?

1960ல அவரோட சேந்து வந்தவர் மாக்கான் மாக்கார், 1970ல ராஜன் செல்வநாயகம், 1977ல டொக்டர் பரீத் மீராலெவ்வை. பக்கத்து சீட்டுக்கு ஆர் வந்தது எண்டு பாத்தாத்தான் அந்தந்த நேரம் சனம் என்ன யோசிச்சிது எண்டு பிடிபடும். உங்கட கட்டுரையள்ல இந்தப் பேர் ஒண்டையும் நான் காணல்ல.

1977தான் பெரிய கதை. தமிழர் விடுதலைக் கூட்டணிர சூரியன் சின்னத்தில இராசதுரை, அதே நேரம் அந்தக் கூட்டணிக்குள்ளயே இரிந்த தமிழரசுக் கட்சிர வீட்டுச் சின்னத்தில கவிஞர் காசி ஆனந்தன். ஒரு வீட்டுக்குள்ளயே ரெண்டு அடுப்பு. சூரியனுக்கு ஒண்டு வீட்டுக்கு ஒண்டு போட்டா ரெண்டு சீட்டும் எங்களுக்குத்தான் எண்டு வெளியில சொல்ற கணக்கு, உள்ளுக்க ரெண்டு பக்கத்துப் பொடியன்மாரும் ஒராளையொராள் பாத்துச் சிரிக்காத காலம் எண்டு எங்கட வாப்பா வயசு ஆக்கள், அப்பா வயசு ஆக்கள் எல்லாரும் சொல்லுவாங்க. ரிசல்ட் வந்தா, இராசதுரை ஒரு சீட்டு, யூஎன்பி (ஐக்கிய தேசியக் கட்சி) பரீத் மற்றது, காசி ஆனந்தன் தோத்தார். ரெண்டு வோட்டையும் தன்ர ஆளுக்கே போட்டாக்கள் எத்தின பேர் எண்டு எந்த ரிசல்ட் சீட்டிலயும் இல்ல. ஆனா அந்தக் காயம் ஆறல்ல, தன்னை விழுத்தத்தான் மேல இரிந்து இந்த ஏற்பாடு எண்டு இராசதுரை பக்கம் நினைச்சிது.

மறுகா 1978 நவம்பர் 23 சூறாவளி, மட்டக்களப்பு தென்னை எல்லாம் படுத்திட்டு. 1979 மார்ச்ல இராசதுரை அப்பத்த ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவின்ர யூஎன்பி பக்கம் போய் பிரதேச அபிவிருத்தி அமைச்சர் ஆகிறார். அதுக்குக் கொஞ்சம் முந்தி, பெப்ரவரியில, அரசியலமைப்புக்கு இரண்டாவது திருத்தம். 1978 அரசியலமைப்புக்குக் கீழ முதலாவது பாராளுமன்றத்து எம்பிமார் கட்சிய விட்டு விலகினா, நீக்கினா என்ன செய்யிறது எண்டதப் பத்தின திருத்தம். அது இவருக்காகத் திறந்த கதவு எண்டு அப்பவே சனம் பேசின. ஒராள் கட்சி மாற நாட்டின்ர அரசியலமைப்பையே திருத்தினது எண்டா அது எவ்வளவு பெரிய செய்தி, அத விட்டிட்டு ஆறு தரம் வெண்டவர் எண்டு மட்டும் எழுதினா எப்பிடி?

1977ல குடுத்த வோட்டு எவ்வளவு காலம் ஓடிச்சு தெரியுமா? 1982 டிசம்பர் 22ல சர்வஜன வாக்கெடுப்பு வெச்சு பாராளுமன்றத்த நீட்டினதால 1988 முடியுமட்டும். ஒருக்கா போட்ட புள்ளடிக்கு பதினொரு வருசத்துக்கு மேல எம்பி, அதிலயும் கூடுதலான காலம் சனம் வோட்டுப் போடாத கட்சியில.

அம்பாறைப் பக்கமும் இதே கதை, ஆனா முடிவு வேற. பொத்துவிலும் இரட்டை அங்கத்தவர் தொகுதிதான். 1977ல கூட்டணியில வெண்ட கனகரத்தினம் அந்த வருச டிசம்பர்லயே யூஎன்பிக்குப் போனார், அடுத்த மாசம் கொழும்பில வெச்சுச் சுட்டாங்க, தப்பினவர் 1980ல காலமானார், அந்த சீட்டுக்கு அவர்ர சகோதரி ரங்கநாயகி பத்மநாதன் வந்தா. எலக்சன் இல்லாமலே.

கொஞ்ச நாளைக்கு முந்தி எங்கட ஊர் சலூன்ல ரெண்டு வயசாளிகள் இதே இராசதுரை விசயத்தில பிடிச்ச பிடி இரிக்கே. ஒராள், "அவர் அமைச்சராப் போகாட்டி கல்லடியில இசை நடனக் கொலிஜ் வந்திரிக்குமா மச்சான், இண்டைக்கு அது கிழக்குப் பல்கலைக்கழகத்தோட இரிக்கு" எண்டார். கதிரையில துணி போத்தி இரிந்த மற்றவர் திரும்பி, "எழுபத்தேழுல நாம போட்டது கொலிஜுக்கா, தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கல்லவா போட்டம்" எண்டார். முடி வெட்டுற தம்பி கத்தியத் தூக்கிப் பிடிச்சிட்டு, "ஐயா தலைய ஆட்டாதீங்க, பிறகு காதுக்குக் கணக்குச் சொல்லேலா" எண்டான். என்னைக் கேட்டா ரெண்டு பேர் சொன்னதும் உண்மை. துரோகி எண்டு ஒரு சொல்லில முடிக்கிறதும் சரியில்ல, கொலிஜக் காட்டி மற்றதெல்லாத்தையும் மூடுறதும் சரியில்ல.

இப்பத்த கணக்கு வேற மாதிரிக் குழப்பம். ஒரு கட்சிக்கு ஒரு புள்ளடி, அதுக்குள்ள மூணு பேருக்கு விருப்பு வாக்கு. 2020ல மட்டக்களப்பில கூட விருப்பு வாக்கு எடுத்தவர் பிள்ளையான், 54,198. அதே எலக்சன்ல தமிழரசுக் கட்சி சாணக்கியன் 33,332. ஆனா சீட்டு எண்டு பாத்தா தமிழரசுக்கு ரெண்டு, பிள்ளையான்ர கட்சிக்கு ஒண்டு. இதில ஆர் வெண்டது எண்டு ஒரு வரியில சொல்லேலாது. கட்சி மாறுற விசயமும் அப்பிடித்தான். வியாழேந்திரன் 2015ல தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில வந்து 2018ல ராஜபக்ச பக்கம் போனார், சீட்டு போகல்ல, 2020ல ராஜபக்ச கட்சிர மொட்டுச் சின்னத்தில திருப்பி வெண்டார். நஸீர் அஹமட் கட்சி முடிவ மீறினார் எண்டு முஸ்லிம் காங்கிரஸ் நீக்க, 2023ல உச்ச நீதிமன்றம் அது சரி எண்டு சொல்ல, சீட்டே போச்சு. அவர் 2015ல கிழக்கு முதலமைச்சரா வந்ததும் எலக்சன் வெண்ட கையோட இல்ல, 2012ல தெரிஞ்ச அதே சபைதான், உள்ளுக்குள்ள கூட்டு மாறினதால ஆள் மாறினது. 2012 செப்டம்பர்ல சனம் போட்டது ஒருக்கா, முதலமைச்சர் ரெண்டு பேர். இதையெல்லாம் ஆர் ஞாபகம் வெச்சிரிக்கிறா?

நான் ஒருத்தருக்கும் ஆளில்ல, எந்தக் கட்சி மேடையிலயும் ஏறினதில்ல. கேக்கிறது இவ்வளவுதான். வேட்புமனு குடுக்கிற நாள் வந்தா, மட்டக்களப்புக்கு பதினொரு சீட்டு, அம்பாறைக்குப் பதினாலு, இதுக்கு நிக்கிற பழைய ஆக்கள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு சின்னக் கட்டம் போடுங்க. எந்த வருசம், எந்தச் சின்னம், வெண்டதா தோத்ததா, எந்த முறையில எண்ணின வோட்டு, வெண்ட பிறகு எந்தப் பக்கம் இரிந்தார், எலக்சன் இல்லாம எத்தின வருசம் கதிரையில இரிந்தார். தோத்த எலக்சனையும் போடுங்க, அத ஆரும் நோட்டீஸ்ல போடமாட்டாங்க. பக்கத்தில இடம் காணாட்டி ஒரு கிழமைக்கு ராசிபலன நிப்பாட்டுங்க, சனம் ஏசினா என்ர பேரச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கட பேப்பர வரி விடாம வாசிக்கிற ஒருவன்,
ஆரையம்பதி.